வலது தோள் ஊக்கு

வன்ஸமார் எங்கள் பட்டறைக்குள் தலை குனிந்து நுழைந்தபோது நான் துருத்தி ஊதிக்கொண்டிருந்தேன். ஊர்த்தலைவர் கொல்லன் வீட்டுக்கு வருகிற வழக்கம் எங்கள் மலையில் கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் ஆள் அனுப்புவார், என் வீட்டுக்காரர் வக்காக் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அன்று அவரே வந்தார். வந்ததும் கதவைச் சாத்தினார். கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறவர்கள் நல்ல காரியத்துக்காக வந்து நான் பார்த்ததில்லை.

அவருக்குப் பின்னால் இஜ்ஜா நின்றாள். வன்ஸமாரின் செத்துப்போன தம்பியின் பெண்டாட்டி. முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கம்பளிப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"காட்டு," என்றார் வன்ஸமார்.

அவள் போர்வையை விலக்கினாள். இடது தோளில் வெள்ளி ஊக்கு. வலது தோளில் இலந்தை முள். முள்ளைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை. ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போகிற எல்லாப் பெண்களுக்கும் அது பனி உருகிய நாளிலிருந்தே தெரியும். ஆண்களுக்குத்தான் தெரியாது. அடுத்தவன் வீட்டுப் பெண்ணின் தோளைப் பார்ப்பது எங்களிடம் மானக்கேடு. அதனால் எங்கள் ஆண்கள் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, ஊரில் நடப்பதில் பாதி தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுவார்கள்.

எங்கள் பெண்கள் உடுத்துவது தைக்காத நீளத் துணி. இரண்டு தோளிலும் ஊக்குப் போட்டால்தான் அது உடம்பில் நிற்கும். ஊக்கு இரண்டும் தாய் வீட்டுச் சொத்து. அதில் ஒன்றைக் கழற்றி ஓர் அந்நியன் கையில் ஒரு பெண் கொடுத்துவிட்டால், அவன் அவளுடைய காவலில் இருக்கிறான். பழைய பகையே இருந்தாலும் அவள் குலத்தில் ஒருத்தன் அவன்மேல் விரல் வைக்கக் கூடாது. அவன் அதைத் திருப்பித் தரும்வரை அவள் அந்தத் தோளில் முள்ளைத்தான் குத்திக்கொள்வாள், அது அவள் வாக்குக்குச் சாட்சி. காவலை மீறிக் கை வைத்தவனின் வீட்டுக்கூரை விட்டத்தை ஊரே சேர்ந்து பிடுங்கும். அவன் ஏழு வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும்.

இஜ்ஜா ஊக்கைக் கொடுத்தது யூபா என்கிற உப்பு வியாபாரிக்கு. கணவாய்க்கு அப்பால் இருக்கிற குலத்தான். அவன் குடும்பத்துக்கும் வன்ஸமார் குடும்பத்துக்கும் அப்பன் காலத்துக் கொலைப்பகை. இருந்தாலும் பனி உருகி ஓடை பெருகிய அன்று, இஜ்ஜாவின் ஏழு வயது மகள் தாலா ஆட்டுக்குட்டியோடு தண்ணீரில் போனபோது, கழுதையை அப்படியே விட்டுவிட்டு இறங்கி இழுத்துப் போட்டவன் அவன்தான். பிள்ளையை மட்டுமில்லை, குட்டியையும் சேர்த்து. இஜ்ஜா நின்ற இடத்திலேயே வலது ஊக்கைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். பார்லி அறுப்பு முடியும்வரை எங்கள் பக்கம் அவன் பயமில்லாமல் வந்து போகலாம் என்றாள்.

வந்து போய்க்கொண்டுதான் இருந்தான். முந்தாநாள் ஆற்றுத்துறையில் வன்ஸமாரின் அக்கா மகன் யத்தாஸ் அவனை மறித்தான். யூபா ஊக்கை எடுத்துக் காட்டினான். காட்டிய கையைத்தான் யத்தாஸ் ஒடித்தான். உப்பையும் கழுதையையும் பறித்துக்கொண்டு, ஆளைக் கட்டிக் களஞ்சியத்தில் போட்டான். விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. சந்தை நாளில் சபை கூடப் போகிறது. இரண்டு குலத்துக்கும் பொதுவான நடுவர் யஹ்யா வரப்போகிறார். ஆயுதம் எடுக்காத புனித வம்சத்தவர், அவர் சொன்னால் சொன்னதுதான்.

"அந்த உப்புக்காரன் கையில இருக்கிறது இவளோட ஊக்கு இல்ல," என்றார் வன்ஸமார். "எவனோ செஞ்சு குடுத்த திருட்டு ஊக்கு. சந்தை அன்னிக்கு இவ ரெண்டு தோள்லயும் ஊக்கோட வந்து சபையில நிப்பா. புரியுதா வக்காக்?"

என் வீட்டுக்காரருக்கு எதுவும் கொஞ்சம் மெதுவாகத்தான் புரியும். "இங்க ஒண்ணுதானே இருக்கு தலைவரே?" என்றார்.

"அதுக்குத்தானேய்யா உன் வீட்டு வாசப்படி மிதிச்சிருக்கேன்."

மடியிலிருந்து ஒரு பழைய வெள்ளித் தண்டையை எடுத்துப் பட்டடைக்கல்மேல் போட்டார். உருக்கிக்கொள்ள.

இஜ்ஜா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அத்தான், அந்த மனுஷன் இல்லேன்னா தாலா இன்னிக்கு இல்ல. அவனைப் பொய்யன்னு சொல்லி நான் எப்படி நிக்கிறது? கொன்னுடுவாங்க."

"நானும் தாலாவைப் பத்தித்தான் பேசறேன். அவ என் தம்பி ரத்தம், என் வீட்டுப் புள்ள. ரெண்டு ஊக்கையும் போட்டுக்கிட்டு, சபை முன்னால வாயத் திறக்காம நில்லு. புள்ள உன்கிட்டயே இருக்கும். முள்ளோட வந்தியோ, அன்னிக்கே உங்கப்பன் வீட்டுக்கு நடையக் கட்டு. தனியா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையா, பிள்ளையைக் காப்பாற்றியவன் உயிரா என்று ஒருத்தியைக் கேட்டுவிட்டு, கேட்ட மனுஷன் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன வந்தது? நாங்கள் கொல்லர்கள். எந்தக் குலத்திலும் சேர்த்தியில்லை, சபையில் எங்களுக்கு இடமும் இல்லை. ஆனாலும் என் நாக்கு சும்மா இருக்காது.

"அப்படீன்னா சத்தியம் பண்ணிடுங்க தலைவரே," என்றேன்.

"என்னது? கொல்லன் பொண்டாட்டிக்கு முன்னால நான் சத்தியம் பண்ணணுமா?"

"எனக்கு எதுக்குங்க? நெருப்புக்கு முன்னால பண்ணுங்க. அன்னிக்குக் காலையில இவ ஊக்கப் போட மாட்டேன்னு அடம்பிடிச்சா உங்களுக்குத்தானே சிரமம்."

வக்காக் என் காலை மிதித்தார். வன்ஸமார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உலைமேல் கையை நீட்டி, மலைமேல் அடங்கியிருக்கிற பெரியவரின் பெயரைச் சொல்லி, சொன்னதையே திரும்பச் சொன்னார். இரண்டு ஊக்கும் போட்டு, சபை முன்னால் வாய் திறக்காமல் நின்றால் பிள்ளை தாயிடம். நானும் வக்காக்கும் சாட்சி. இஜ்ஜா இடது ஊக்கைக் கழற்றி மாதிரிக்காகக் கொடுத்துவிட்டு, அந்தத் தோளிலும் ஒரு முள்ளைக் குத்திக்கொண்டு போனாள்.

*

ஊக்கு என்றால் சும்மா ஒரு ஊசி இல்லை. கையகல முக்கோணத் தகடு, அதன் தலையில் ஒரு வளையம், வளையத்தில் நீள ஊசி. வளையம் முழுதாக மூடியிருக்காது. ஊசி நுழைந்து பூட்டிக்கொள்ள அதில் ஓர் இடைவெளி உண்டு. அதை நாங்கள் வாய் என்போம். வாய் எப்போதும் கழுத்துப் பக்கம் பார்க்க வேண்டும். கைப் பக்கம் பார்த்தால், குடத்தைத் தூக்கக் கையை உயர்த்தின உடனே ஊசி வழுக்கி வாய் வழியாக வெளியே வந்துவிடும். ஆகவே இடது தோளுக்கு ஒரு மாதிரி, வலது தோளுக்கு ஒரு மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஊக்குப் போட்டுப் பழகிய கண்ணுக்கு ஒரு நொடியில் தெரியும். ஆண்கள் தலை வழியாகக் கவிழ்க்கிற அங்கியைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள், அவர்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது?

வக்காக்குக்குத் தெரியும். முப்பது வருஷமாக அதுதான் பிழைப்பு. எங்கள் பக்கத்து வேலைப்பாடு எல்லாவற்றுக்கும் மெழுகில் இடது ஒன்று, வலது ஒன்று என்று ஜோடியாக மாதிரி வைத்திருக்கிறார். ஆனால் இஜ்ஜாவின் ஊக்கு அவள் தாய் ஊர் வேலை. நடுவில் கவுதாரிக் கண் மாதிரி மூன்று வட்டம், ஓரம் முழுக்கப் பொடிப் புள்ளி. அதற்கு எங்களிடம் மெழுகு மாதிரி இல்லை. செதுக்கி எடுக்கப் பத்து நாளாவது வேண்டும். இருந்ததோ ஐந்து நாள். அதனால் அந்த ஊக்கையே ஈரக் களிமண்ணில் அமுக்கி அச்செடுத்தார். அச்சைக் காயவைத்தார். நான் துருத்தி ஊத, வெள்ளியை உருக்கி ஊற்றினார். வேலை முழுக்கப் பேசவே இல்லை. பிடிக்காத வேலையை மனுஷன் அப்படித்தான் செய்வார், முகத்தைப் பார்க்காமல்.

மூன்றாம் நாள் மத்தியானம் அரம் போட்டுத் தேய்த்து, சாம்பலால் துலக்கி, என்னிடம் நீட்டினார்.

எங்கள் பட்டறையில் செய்கிற ஊக்கு எல்லாம் முதலில் என் தோளில் ஏறும். துணி கிழிகிறதா, ஊசி வழுக்குகிறதா, எடை அழுத்துகிறதா என்று நான்தான் போட்டுப் பார்ப்பேன். பிறகு கழற்றிக் கொடுத்துவிட்டு என் இரும்பு ஊசியைக் குத்திக்கொள்வேன். முப்பது வருஷம். இந்தப் பள்ளத்தாக்கிலிருக்கிற வெள்ளியில் முக்கால்வாசி என் தோளில் அரை நாழிகை இருந்துவிட்டுத்தான் போயிருக்கிறது. எனக்கென்று ஒரு ஜோடி வந்ததில்லை. வருகிற வெள்ளி எல்லாம் அடுத்தவர்களுடையது, கேட்டு வாங்குகிற பழக்கமும் எனக்கு இல்லை.

அதை வலது தோளில் குத்தினேன். வாய் கைப் பக்கம் பார்த்தது.

அட கடவுளே என்று நினைத்தேன். இடதை அமுக்கி அச்செடுத்தால் இடதுதானே வரும்? எதிர்ப்பக்கம் எப்படி வரும்? முப்பது வருஷம் வேலை செய்த மனுஷன் இடதுக்கு இன்னொரு இடதை ஊற்றி வைத்திருக்கிறார். அவசரமும், பிடிக்காத வேலையும், வன்ஸமார் பயமும் சேர்ந்து கண்ணை மறைத்துவிட்டன.

"சரியா இருக்கா?" என்றார் வக்காக், தலையைத் தூக்காமலே.

"இருக்கு," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பின்னால் நிறையப் பேர் கேட்டார்கள். பெரிய தந்திரம் என்று நினைத்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சொல்லியிருந்தால் அவர் திரும்ப உருக்குவார், அச்சில் வாயை மட்டும் மாற்றிக் கீறியாவது இரண்டு நாளில் சரியானதை ஊற்றிவிடுவார். அந்தச் சரியான ஊக்குக்கு நான் துருத்தி ஊத வேண்டும். எனக்கு ஊதப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

*

சந்தை நாள் காலை நானே இரண்டு ஊக்கையும் எடுத்துக்கொண்டு இஜ்ஜா வீட்டுக்குப் போனேன். தாலா மோரில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். வன்ஸமாரின் பெண்டாட்டி வாசலில் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

இஜ்ஜா இடது ஊக்கைத் தானே போட்டுக்கொண்டாள். வலதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஊசியைத் துணியில் ஏற்றினாள். விரல் வாயைத் தேடிக் கழுத்துப் பக்கம் போயிற்று. அங்கே வாய் இல்லை. விரல் அப்படியே நின்றது.

"அக்கா," என்றாள். "இது..."

"பாத்துக் குத்திக்கோம்மா," என்றேன். "கையத் தூக்காத. தூக்கினா நழுவும்."

என்னைப் பார்த்தாள். நான் அவள் துணி மடிப்பைச் சரி செய்தேன். வாசலில் இருந்தவள் காதில் விழுந்திருந்தாலும் அதில் தப்பாக ஒன்றும் இல்லை. இஜ்ஜா கழற்றி வைத்த இரண்டு முள்ளில் ஒன்றை எடுத்து இடுப்பு முடிச்சில் சொருகிக்கொண்டாள். அப்போது எனக்கு அது எதற்கென்று தோன்றவில்லை.

சபை கூடுவது களஞ்சியத்துக்கு முன்னால் இருக்கிற கல் பாவிய முற்றத்தில். ஆண்கள் சுற்றி உட்காருவார்கள். பெண்கள் கூரைமேல் ஏறி நின்று பார்க்கலாம், பேசக் கூடாது. நான் தாலாவைக் கையில் பிடித்துக்கொண்டு கூரை ஓரத்தில் நின்றேன். வக்காக் கீழே, கூட்டத்துக்கு வெளியே சுவரோரம் நின்றார். கொல்லனுக்கு அங்கேதான் இடம்.

யூபாவைக் கொண்டுவந்தார்கள். ஒடிந்த கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். அவனிடமிருந்து பறித்த ஊக்கு நடுவர் யஹ்யா முன்னால் விரித்த கம்பளத்தில் கிடந்தது.

"இது எவளோடது?" என்றார் நடுவர்.

"இஜ்ஜாவோடதுங்க. அவங்களே எங்கையில குடுத்தாங்க."

யத்தாஸ் சிரித்தான். "குடுத்தாளாம். எங்க அத்தை தோளப் பாருங்க ஐயா, முள்ளு இருக்கான்னு."

இஜ்ஜா நடுவுக்கு வந்து போர்வையை விலக்கினாள். இரண்டு வெள்ளி முக்கோணமும் வெயிலில் பளிச்சென்றன. சபையில் முணுமுணுப்பு எழுந்து அடங்கிற்று. நடுவர் மரியாதையாகப் பத்தடி தள்ளியிருந்து பார்த்தார். யூபாவும் பார்த்தான். அவன் முகம் போன போக்கை நான் சொல்ல வேண்டாம். இஜ்ஜா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு இருக்கு," என்றார் நடுவர் மெதுவாக.

"அப்போ இவன் கையில இருந்தது திருட்டு ஊக்கு," என்றார் வன்ஸமார். "காவலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பகையாளி எங்க எல்லைக்குள்ள அகப்பட்டிருக்கான். மேல என்ன செய்யறதுன்னு எங்களுக்குத் தெரியும்."

நான் கூரையைச் சுற்றிப் பார்த்தேன். நாற்பது ஐம்பது பெண்கள். ஒருத்தி விடாமல் எல்லார் கண்ணும் இஜ்ஜாவின் வலது தோளில்தான் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சிலருக்கு உதடு துடித்தது. ஒருத்தி இருமினாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதமாக ஊற்றடியில் அந்த முள்ளைப் பற்றியே பேசிப் பேசி நாக்குத் தேய்ந்த பெண்கள், அன்றைக்குப் பார்த்து ஊமையாகிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த மாமாதான் என்னைத் தண்ணியிலேர்ந்து தூக்கினாரு," என்றாள் தாலா.

பக்கத்தில் நின்றவள் சட்டென்று குழந்தையின் வாயைப் பொத்தினாள். பொத்தின கையைத் தட்டிவிட்டேன். பிறகு கீழே சுவரோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் எல்லார்மேலும் இருந்தது, கத்தலாம் என்று உரிமை இருந்தது அவர் ஒருத்தர்மேல்தான்.

"யோவ் வக்காக்!" என்று போட்டேன் ஒரு சத்தம். "உன் கண்ணு அவிஞ்சா போச்சு? முப்பது வருஷமா இதே வேலைதானே பாக்குற? வலது தோளுக்கு ஊக்கு செய்டான்னா இடதுக்கு செஞ்சு குடுத்திருக்கியே! வாய் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாரு! பச்சப் புள்ளகூட சொல்லும். மூணு நாளு நான் துருத்தி ஊதி என் கை கழண்டு போச்சு, நீ ஊத்தினது இந்த லட்சணமா? ஊரு முன்னால இப்படியா மானத்த வாங்குவ?"

முற்றத்தில் தலைகள் எல்லாம் மேலே திரும்பின.

"அவள இறக்குங்கடா!" என்று வன்ஸமார் எழுந்துவிட்டார். "சபையில பொம்பள பேசக் கூடாது."

"சபையில யாரு பேசினா? என் புருஷனைத் திட்டறேன். அதுக்கும் உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா?"

எதிர்க் கூரையில் யாரோ களுக்கென்று சிரித்தாள். அடுத்தவள் சிரித்தாள். அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. நடுவர் யஹ்யா கையை உயர்த்தினார், அடங்கிற்று.

"பொம்பளைய நான் கேக்கல," என்றார். "கொல்லனைக் கேக்கறேன். வக்காக், உன் வீட்டுக்காரி எதுக்கு உன்னைத் திட்டறா?"

அப்போதுதான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அவருக்குத் தப்பிக்க வழி இருந்தது. 'அவளுக்குக் கொஞ்சம் புத்தி சரியில்லைங்க' என்று ஒரு வார்த்தை போதும். எல்லாரும் நம்பியிருப்பார்கள். வன்ஸமார் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் பிழைப்பும் போகும், கைத்திறமை மேல் இருந்த பேரும் போகும். ஊரில் அவருக்கு இருந்த ஒரே மரியாதை அந்தப் பேர்தான்.

வக்காக் சுவரைவிட்டு நகர்ந்தார். கூட்டத்தைத் தாண்டி முற்றத்துக்குள் வந்தார். இஜ்ஜாவின் வலது தோளை, எங்கள் ஆண்கள் யாரும் பார்க்காத மாதிரி, நேராகப் பார்த்தார். நல்ல நேரம் பார்த்தார்.

"ச்சே," என்றார்.

"என்ன?"

"தப்புதாங்க ஐயா. இடதையே அமுக்கி அச்செடுத்துட்டேன். வலதுக்கு வாய் மாறி வரணும். அவசரத்துல தோணல." கண் அந்த ஊக்கைவிட்டு நகரவில்லை. "முப்பது வருஷத்துல இப்படி ஆனதில்லைங்க."

"இதை எப்பச் செஞ்ச?"

"முந்தாநாள் முடிச்சேன்."

வன்ஸமார், "கொல்லன் சாராயம் குடிச்சுட்டு உளறுறான், இது அவ தாய் வீட்டு ஊக்கு, பழசு," என்றார்.

அப்போது இஜ்ஜா, தலைத்துணியைச் சரி செய்கிறவள்போல, வலது கையை மெல்ல மேலே தூக்கினாள்.

ஊசி வழுக்கிற்று. வாய் வழியாக வெளியே வந்தது. புது ஊக்கு கல்மேல் விழுந்து உருண்டு, நடுவரின் கம்பளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. இஜ்ஜா நழுவிய துணியை இடது கையால் பிடித்துக்கொண்டாள். வலது கையால் இடுப்பு முடிச்சிலிருந்து இலந்தை முள்ளை எடுத்தாள். தோளில் குத்திக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

நடுவர் அவளுடைய இடது ஊக்கைக் கேட்டார். அவள் அந்தத் தோள் துணியைக் கையால் பிடித்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தாள். அதை வாங்கி, யூபாவிடம் பறித்த ஊக்குக்குப் பக்கத்தில் வைத்தார். வாயும் வாயும் ஒன்றையொன்று பார்த்தன. கவுதாரிக் கண் மூன்றும் மூன்றும், தேய்மானம்கூட ஒரே மாதிரி. புதிதை எடுத்து வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் சேரவில்லை.

"உப்புக்காரனை அவிழ்த்து விடுங்க," என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் யத்தாஸ் வீட்டின் விட்டம் தெருவில் கிடந்தது. யூபாவுக்குக் கழுதையும் உப்பும் திரும்பின. அவன் ஊக்கை இஜ்ஜா கையில் கொடுத்துவிட்டு, ஒடிந்த கையோடு கழுதையை ஓட்டிக்கொண்டு போனான். கொடுக்கும்போது அவளிடம் என்ன சொன்னானோ, எனக்குக் கேட்கவில்லை.

நான் தாலாவைக் கூரையிலிருந்து இறக்கிக் கூட்டி வந்ததும் வன்ஸமார் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "நீ உங்கப்பன் வீட்டுக்குக் கிளம்பு," என்றார் இஜ்ஜாவிடம்.

"எதுக்கு அத்தான்?" என்றாள் அவள். சபை கூடியதிலிருந்து அவள் பேசின முதல் பேச்சு அதுதான். "ரெண்டு ஊக்கும் போட்டுக்கிட்டு வாயத் திறக்காம நிக்கச் சொன்னீங்க. நீங்க குடுத்ததத்தான் போட்டேன். நின்னேன். வாயத் திறந்தேனா?"

வன்ஸமார் என்னைப் பார்த்தார். நான் உலைமேல் கை நீட்டுகிற மாதிரி நீட்டிக் காட்டினேன். மலைமேல் அடங்கிய பெரியவரின் பேரைச் சொல்லிச் செய்த சத்தியம், இரண்டு சாட்சி வேறு. பிள்ளையின் கையை விட்டார்.

*

வன்ஸமார் வீட்டு வேலை அதோடு நின்றது. அவர் சொந்தக்காரர்கள் வேலையும் நின்றது. கலப்பைக் கொழு கூர் தீட்டக்கூட அடுத்த ஊர்க் கொல்லனிடம் போனார்கள். வக்காக்குக்கு 'ரெண்டு இடது' என்று பேர் வைத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள்கூடக் கூப்பிட்டன. அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். கஞ்சியை வைத்தால் குடிப்பார், துருத்தி ஊத வேண்டுமென்றால் தலையை அசைப்பார். நானும் கெஞ்சவில்லை. தப்பு அவருடையது, சத்தம் என்னுடையது, இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிர் தப்பித்தது, இதில் நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? ஆனால் கூட்டத்துக்கு நடுவில் அவர் 'ச்சே' என்று சொன்ன குரல் காதைவிட்டுப் போகவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இஜ்ஜா புது ஊக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அது வன்ஸமாரின் வெள்ளி. அவரோ கேட்க முடியாது. கேட்டால், தண்டையை எதற்குக் கொடுத்தீர் என்று, சபையில் கேட்காமல் விட்டதை நடுவர் கேட்பார். அதனால் அது பழைய உலோகம் போட்டு வைக்கிற பெட்டியில் கிடந்தது. வக்காக் அதை உருக்கவில்லை.

பார்லி அறுப்பு முடிந்து களத்தில் தூற்றல் நடக்கிற சமயம். ஒரு நாள் மத்தியானம் வக்காக் மெழுகை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து அந்த ஊக்கை எடுத்து முன்னால் வைத்து, அதற்கு எதிர்ப்பக்கம் செதுக்கினார். பத்து நாள் செதுக்கினார். இந்த முறை அவசரமே இல்லை. உருக்கினது அவருடைய அப்பாவின் வெள்ளி இடுப்புப்பட்டையை, விற்காமல் எடுத்து வைத்திருந்ததை. நான் துருத்தி ஊதினேன். யாருக்கு என்று கேட்கவில்லை. வலது ஊக்குத் தொலைத்த எவளோ எங்கோ இருப்பாள் என்று நினைத்தேன்.

துலக்கி முடித்ததும் இரண்டையும் சேர்த்து என்னிடம் நீட்டினார்.

இரும்பு ஊசிகளைக் கழற்றிவிட்டு இடது தோளில் ஒன்றைப் போட்டேன். வலது தோளில் ஒன்றைப் போட்டேன். வாய் இரண்டும் கழுத்தைப் பார்த்தன. எடை சரியாக இருந்தது.

"சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கழற்றப் போனேன்.

"இருக்கட்டும் விடு," என்றார் வக்காக். இரண்டு மாதத்துக்குப் பிறகு பேசின பேச்சு.

"யாருக்குய்யா இது?"

அவர் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஊரே கேக்க ஒருத்தி என்னைத் திட்டினா இல்ல? அவளுக்கு."

வலது கையை மேலே தூக்கிப் பார்த்தேன். ஊக்கு விழவில்லை.